டெல்டாவில் கிளைடர் விட மார்கழியா, மாசியா?

மோட்டார் இல்லாத ரிமோட் கிளைடர் உயரே போக, தரையிலிருந்து எழும் சூடான காற்று வேண்டும். பருந்து இறக்கை அடிக்காமல் வட்டமிட்டு ஏறுவதும் அதில்தான். நாங்கள் தெர்மல் என்போம். தஞ்சாவூர்ப் பக்கம் மார்கழியிலும் விட்டுப் பார்த்தேன், மாசியிலும் விட்டுப் பார்த்தேன். இப்போது மாசிக்குத்தான் காத்திருக்கிறேன்.

மார்கழியில் வெயில் உறைக்காது. மழை விட்ட நாட்களில் திரள் மேகங்கள் தெர்மல் இருக்கும் இடத்தைக் காட்டிவிடும். விடியற்காலையில் காற்று அசையாமல் இருப்பதால் புது கிளைடரின் பேலன்ஸ் பார்க்க அருமையான நேரம். சேறு, வாடைக்காற்று பற்றிச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் முடிவு செய்வது வயலின் ஈரம்தான். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஆகும் வெப்பத்தைப்போல 500 மடங்குக்கு மேல் அதை ஆவியாக்கத் தேவை. சம்பா நெல் நிற்கிற நனைந்த வயலில் வெயிலின் பெரும்பங்கு அதற்கே போய்விடும். மேலே உள்ள காற்றைச் சூடாக்க மிச்சம் கொஞ்சம்தான். வெயிலும் சாய்வு: டிசம்பர் கடைசியில் தஞ்சையில் உச்சிச் சூரியன் 56 டிகிரி உயரத்தில் நிற்கும், பிப்ரவரி கடைசியில் 70.

மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அப்புறம் அறுவடை முடிந்து வயல் காயத் தொடங்கும். மாசியில் எனக்கு ரொம்பப் பிடித்தது, எல்லா வயலும் ஒன்றாகக் காயாததுதான். சம்பா அறுத்த தாள் வயல் வெளுத்துக் கிடக்கும். பக்கத்திலேயே பிந்தி நட்ட தாளடி நெல் பச்சையாக நிற்கும். சூடும் குளிர்ச்சியும் சந்திக்கும் அந்த வரப்போரத்தில் தெர்மல் கிளம்பும். பதினொரு மணிக்குமேல் அங்கே வட்டமடித்தால் பெரும்பாலும் ஏமாற்றாது. வல்லம் பக்கத்துச் செம்மண் மேடு இன்னும் சீக்கிரம் சூடேறும்.

மாசியில் பல நாள் மேகமே இருக்காது, பருந்தைத்தான் பார்க்க வேண்டும். தாள் வயலில் உளுந்து முளைத்திருந்தால் இறங்கக் கூடாது, அது ஒருவருடைய பயிர். மதியத்துக்குப் பிறகு கடற்காற்று உள்ளே வந்தால் தெர்மல் அடங்கும். திருவாரூர், நாகை பக்கம் அது முன்னதாகவே வந்துவிடும். அங்கே நான் அதிகம் விட்டதில்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் மாசியிலும் மதியத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது என்றுதான் நினைக்கிறேன்.