தண்ணீர் அதிகம் கேட்காத தோட்டம்: வேலை அருமை, டைமர்தான் தலைவலி

முன்வாசல் புல்லை எடுத்துவிட்டு, தண்ணீர் அதிகம் கேட்காத செடிகளாக வைத்துத் தர இந்தத் தோட்ட வேலை நிறுவனத்தாரைக் கூப்பிட்டோம். சிங்கப்பூரில் செலேத்தார் பக்கம் பழைய தரைவீடு, மேற்குப் பார்த்த வாசல், சாயங்கால வெயில் நேராக அடிக்கும். 2024, 2025 இரண்டு ஏப்ரலிலும் தண்ணீர்க் கட்டணம் ஏறி மொத்தம் கன மீட்டருக்கு 50 காசு கூடிவிட்டது, அப்புறம் புல்லுக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்?

நான் காட்டிய கள்ளிச்செடிப் படங்களைப் பார்த்ததுமே மேற்பார்வையாளர், "இதெல்லாம் திறந்தவெளியில் வச்சா அழுகிடும்ங்க" என்று சொல்லிவிட்டார். விற்கத்தான் பார்ப்பார் என்று நினைத்திருந்தேன். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில் செடி பிப்ரவரி வறட்சியை மட்டும் தாங்கினால் போதாது, டிசம்பரில் வேர் ஊறிக் கிடந்தாலும் தாங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரு குழி வெட்டி வாளித் தண்ணீரை ஊற்றி, பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து பார்த்தார். களிமண், தண்ணீர் அசையவே இல்லை. அதனால் மணலும் மட்கிய உரமும் கலந்து பாத்தியை உயர்த்தி, மேலே மரப்பட்டைத் துண்டுகளை மூடாக்காகப் பரப்பினார்கள். இப்போது மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் விரலை விட்டால் உள்ளே ஈரம் தெரிகிறது.

மழை படாத கூரை ஓரத்தில் அடீனியமும் பாம்புக் கற்றாழையும். வெயிலில் காகிதப்பூ, அதன் காலடியில் மேலே பச்சை கீழே ஊதாவாக இருக்கும் ரோயோ. காகிதப்பூவுக்குத் தாராளமாக ஊற்றினால் இலைதான் வரும், கொஞ்சம் காயவிட்டால்தான் பூக்கும், நம்ம ஊர் மேம்பாலங்களில் பார்ப்போமே, அதே செடிதான். அம்மாவின் மல்லிகையையும் கறிவேப்பிலையையும் தூக்கிவிடுவார்களோ என்று வீட்டில் ஒரே கவலை. "தம்பி, அது மட்டும் இருக்கட்டும்" என்று அம்மா கேட்டதும், மேற்பார்வையாளர் தாகமெடுக்கும் செடிகளை ஒன்றாகக் குழாய்ப் பக்கம் தள்ளிவிட்டார். மற்ற இடத்துக்கு ஹோஸ் இழுக்கும் வேலையே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. சொட்டுநீர்க் குழாயோடு மாட்டிய டைமருக்கு மழை தெரியாது, வெளியே சோவென்று கொட்டும்போதும் அது பாட்டுக்குத் திறந்துகொள்ளும். தண்ணீரை மிச்சம் பிடிக்கப் போட்ட தோட்டத்தில் இது என்ன கூத்து? மாற்றித் தரச் சொல்லிப் பலமுறை கூப்பிட்டும் பதில் இல்லை, நானே கழற்றி வைத்துவிட்டேன். தொட்டிகளுக்கு அடியில் தட்டு வேறு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், டெங்கி கொசுவுக்கு அது போதாதா? உடனே எடுத்துவிட்டேன்.

விலை மலிவில்லை. கூப்பிடுவதாக இருந்தால் மண்ணைப் பார்க்க ஆள் நேரில் வந்த பிறகு விலை பேசுங்கள், டைமரைப் பட்டியலிலிருந்து அப்போதே எடுக்கச் சொல்லுங்கள்.