ஊசி கொண்டுவாற குளிர்ப்பை: ஆறு மாசம் பாவிச்ச பிறகு எழுதுறன்

அம்மாவுக்கு முடக்குவாதம். விரல் மூட்டெல்லாம் வீங்கி தேங்காய் திருவக்கூட ஏலாமப் போய், இப்ப கிழமைக்கு ஒரு எட்டனெர்செப்ட் ஊசி, 50 மில்லிகிராம். யாழ்ப்பாணத்தில எடுத்து புதுக்குடியிருப்புக்குக் கொண்டுவரவேணும், ஆனையிறவு தாண்டி பரந்தனில திரும்பி விசுவமடுவால வர மூண்டு மணித்தியாலம் போயிடும், சித்திரை வெயிலுக்கு பஸ் கம்பியில கை வைக்க ஏலாது. ஊசியோ 2க்கும் 8 டிகிரிக்கும் இடையில நிக்கவேணும். அதுக்குத்தான் ஒன்லைனில இந்தப் பையை வேண்டினனான், ரெண்டு ஜெல் பை, சின்ன டிஜிட்டல் வெப்பமானி எல்லாம் வந்தது.

ஏன் இவ்வளவு பாடு எண்டா, உள்ளுக்க இருக்கிறது புரதம். எங்கட கலங்களின்ர வெளிப்பக்கத்தில வாங்கிகள் இருக்கு. டிஎன்எஃப் எண்ட சேதிப் புரதம் வந்து அதில ஒட்டினா கலத்துக்குள்ள சேதி போய் அழற்சி கூடும், மூட்டு வீங்கும். அந்த வாங்கியில ரெண்டாம் வகையின்ர வெளிப்பாதியை மட்டும் அன்ரிபொடியின்ர (கிருமியோட சண்டைபிடிக்கிற புரதம்) வால்துண்டோட ஒட்டிச் செய்ததுதான் இந்த மருந்து, 1998 இல அமெரிக்காவில அனுமதி கிடைச்சது. வீடு இல்லாத வெறும் படலை மாதிரி நினையுங்கோ, டிஎன்எஃப் அதில வந்து தட்டிக்கொண்டு நிக்கும், கலத்துக்குச் சேதி போகாது. சூட்டாலயோ உறைஞ்சோ புரதத்தின்ர மடிப்பு குலைஞ்சா அந்தப் படலையும் இல்லை.

இந்தப் பையில முதல் தரம் எனக்குக் குலைஞ்சதுதான். ஜெல் பையை ஃப்ரீசரால எடுத்த கையோட ஊசிக்குப் பக்கத்தில வைச்சிட்டன், வீட்ட வந்து பாத்தா மருந்து உறைஞ்சுபோய்க் கிடக்கு. உறைஞ்சா உருகின பிறகும் போடக்கூடாது. அண்டைக்கு நான் அழுததுதான். பையோட வந்த தாளில இதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை, அது பெரிய பிழை. இப்ப ஜெல் பையை பத்து நிமிஷம் வெளியில வைச்சு, துவாயால சுத்தி, ஊசிப் பெட்டியை நடுவில வைக்கிறன். யாழ்ப்பாணத்தில 4 காட்டும், வீட்ட வரேக்க 7. குலுக்கவும் கூடாது, அதால மடியிலதான் வைச்சிருப்பன்.

அம்மா ஒருநாள் கேட்டா, "பிள்ளை, இது கான்சரைக் கொண்டுவருமோ?" எண்டு. நியாயமான கேள்வி. டிஎன்எஃப் எண்டா 'கட்டியை அழிக்கிற காரணி' எண்டு அர்த்தம், 1975 இல அந்தப் பேர் வைச்சதே எலிகளில கட்டியை அழிச்சதாலதான், அதை மருந்து மறிச்சா கட்டி வளருமோ எண்டு பயம் வரும். ஆனா கொஞ்சம் கொஞ்சமா வருசக்கணக்கா சுரந்துகொண்டிருந்தா அதே டிஎன்எஃப் கலங்களைச் சாகவிடாமக் காத்து, கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளரவும் உதவும். குடல் அழற்சி கனகாலம் இருக்கிற ஆக்களுக்குப் பெருங்குடல் கான்சர் வாய்ப்புக் கூடுறது இப்பிடியான பாதைகளாலதான். மற்றப் பக்கம், மருந்துத்தாளிலயும் தொற்று, லிம்ஃபோமா (நிணநீர்க் கலங்களில வாற கான்சர்) பற்றி எச்சரிக்கை போட்டிருக்கு, கவனிக்கவேண்டியது என்னெண்டா முடக்குவாதமே லிம்ஃபோமா வாய்ப்பைக் கூட்டும். ஊசி தொடங்க முதல் டிபி சோதிச்சவை, காய்ச்சல் வந்தா ஊசியை நிப்பாட்டிப்போட்டு உடன டொக்டரிட்டக் காட்டச் சொன்னவை. இதையெல்லாம் அம்மாவுக்கு விளங்கப்படுத்தினன், கேட்டுக்கொண்டிருந்திட்டு "சரி, போடு" எண்டா.

பையைப் பற்றி இன்னும் ரெண்டு விசயம். சிப் நல்லம், தோள்வார் தையல் நாலாம் மாசமே பிரிஞ்சிட்டு. கரண்ட் போன ஒரு இரவு முழுக்க ஊசி இதுக்குள்ளதான் இருந்தது, விடிய 8ஐத் தாண்டேல்ல. மேலதிகமா ரெண்டு ஜெல் பை சேர்த்து வேண்டுங்கோ.