உடைந்த பார்சலுக்குக் காப்புறுதி கேட்டு: பினாங்குக் கடைக்காரனின் அனுபவம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் குத்துவிளக்கு, சாமிப் படம், நவராத்திரி வந்தால் கொலு பொம்மை என்று விற்கிறேன். கேஎல் (கோலாலம்பூர்), கிள்ளான், கடல் தாண்டிக் கூச்சிங் என்று கூரியரில் போகாத வாரமில்லை. காப்புறுதி பல வருஷமாக எடுக்கிறேன். பணம் வந்ததும் உண்டு, கைவிரித்ததும் உண்டு. எந்தக் கூரியர் நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. மாற்றிப் பார்த்தும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பொருள் உடைந்ததா என்பதில் அவர்களுக்கு அதிக அக்கறை கிடையாது. நீ எப்படிக் கட்டினாய் என்பதுதான் கேள்வி. 'பேக்கிங் போதவில்லை' என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. அதனால் ஒட்டுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுகிறேன். விளக்கின் அன்னம், தண்டு, பாதம் மூன்றையும் மரை கழற்றி, தனித்தனியாகப் பபுள் ரேப் சுற்றி, பாதத்தை அடியில் வைத்து, ஆட்டிப் பார்த்தால் அசையாதபடி இண்டு இடுக்கெல்லாம் தாள் திணிக்க வேண்டும். பித்தளை உடையாது என்று நினைப்பார்கள். கழற்றாமல் அனுப்பினால், பாதத்தின் கனம் தாங்காமல் தண்டு மரையிலேயே வளைந்துவிடும். பெட்டியில் ஒட்டும் 'உடையும் பொருள்' ஸ்டிக்கரை நம்பி எந்தக் கிளைமும் ஜெயித்ததில்லை.

அடுத்தது, வாங்குபவர். 'அண்ணே, விளக்கு வளைஞ்சிருக்கு' என்று போன் வரும். 'பெட்டி இருக்காக்கா?' என்று கேட்டால், 'அது காலையிலேயே குப்பைக்குப் போயிருச்சே' என்பார்கள். பெட்டி இல்லாமல் கிளைம் நகராது, பரிசோதிக்க வேண்டும் என்பார்கள். இப்போது ஒவ்வொரு பார்சலிலும் தமிழிலும் மலாயிலும் ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறேன்: பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், பெட்டியை வீசாதீர்கள், உடைந்திருந்தால் அன்றே சொல்லுங்கள். உள்ளூர் கூரியரில் புகார் கொடுக்கக் கிடைப்பது சில நாள்தான். வெளிநாட்டு அஞ்சல் பரவாயில்லை. உலக அஞ்சல் ஒன்றிய விதிப்படி, அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதம் வரை விசாரணை கேட்கலாம்.

தொகை விஷயத்தில் ஆசைப்படக் கூடாது. 320 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்ற விளக்குக்கு, நான் வாங்கிய 210 வெள்ளி இன்வாய்ஸைத்தான் கணக்கில் எடுத்தார்கள். லாபம் அவர்கள் பொறுப்பில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, காப்புறுதி என்றாலே இழப்பை ஈடுகட்டுவதுதான். தண்டு மட்டும் வளைந்த இன்னொரு விளக்குக்குப் பட்டறையில் நிமிர்த்தும் கூலிக்கு ரசீது கேட்டார்கள், அதைக் கொடுத்தார்கள். விலையைக் கூட்டி எழுதிப் பிரீமியம் கட்டுவது வீண்.

எனக்குக் கோபம் வருவது கண்ணாடியில்தான். கண்ணாடி, பீங்கான், களிமண் எல்லாம் காப்புறுதியில் சேராது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. கவுன்டரில் பிரீமியம் வாங்கும்போது உள்ளே என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கிளைம் போட்ட பிறகுதான் கேட்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. விளக்கு உடைந்து போனால் வாங்கியவர் 5 வெள்ளி கட்டி என்னைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். 2019-ல் அங்கே கேட்கக்கூடிய தொகையின் வரம்பை 25,000-லிருந்து 50,000 ரிங்கிட்டாக உயர்த்தினார்கள். நான் கூரியரை அங்கே இழுக்க முடியாது. சொந்த உபயோகத்துக்கு வாங்குபவர்தான் பயனீட்டாளர், வியாபாரத்துக்கு அனுப்புகிறவன் அதில் சேர்த்தி இல்லை. எனக்கு இருக்கிற வழி, நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு, அஞ்சல் சேவையைக் கண்காணிக்கும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தில் (MCMC) புகார் செய்வது. ஒரு தடவை செய்தேன். பணம் வரவில்லை, ஆனால் அதுவரை போனை எடுக்காதவர்கள் தாங்களாகவே கூப்பிட்டார்கள்.

ஆகவே இப்போது பித்தளைக்கு மட்டும் காப்புறுதி, அதுவும் வாங்கிய விலைக்கு. சாமிப் படங்களைக் கண்ணாடி போடாமல் சுருட்டிக் குழாயில் அனுப்புகிறேன், கண்ணாடிச் சட்டத்தை அவரவர் ஊரில் போட்டுக்கொள்ளட்டும். கொலு பொம்மை கேட்பவர்களிடம் பேசி வைத்து, யாராவது கேஎல் போகும்போது காரின் பின்சீட்டில் ஏற்றிவிடுகிறேன். கூச்சிங்காரர்களுக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை.