ஓனிங் போட்டு நாலு மாரி கழிஞ்ச பிறகு

போன கிழமை மச்சான் கோல் எடுத்து, "உங்கட விறாந்தைக்கு முன்னால கிடக்கிற ஓனிங் மாதிரி நானும் ஒண்டு போடட்டோ" எண்டு கேட்டவன். ஓனிங் எண்டா ஹாண்டில் சுத்தி விரிக்கிற, சுருட்டுற துணிக்கூரை. அண்டைக்குத்தான் திருத்துற பெடியன் வந்து தையல் விட்ட ரெண்டு இடத்தையும் தைச்சுப் பூட்டிட்டுப் போனவன், அந்தக் கோவத்தில வேண்டாம் எண்டிட்டன். பேந்து யோசிச்சா முழுக்கதையையும் சொல்ல வேணும் போல கிடந்தது.

எங்கட வீடு யாழ்ப்பாணத்தில கொழும்புத்துறைப் பக்கம். முந்தி அந்த இடத்தில கிடுகுப் பத்திதான். வெயிலுக்கு ஓனிங் மாதிரி ஒண்டு இல்லை, அது சத்தியம். சித்திரையிலயும் விறாந்தைச் சீமெந்தில வெறுங்காலோட நிக்கலாம், அம்மா பின்னேரம் முழுக்க அதுக்குக் கீழ கதிரை போட்டு முருங்கையிலை ஆயுறவா.

மாரி துடங்கினாத்தான் அரியண்டம். நனைஞ்ச துணியைச் சுருட்டி வைக்கக் கூடாது, காத்து அடிச்சா விரிச்சும் வைக்கக் கூடாது, ஐப்பசி கார்த்திகையில எங்களுக்கு ரெண்டும் ஒண்டாத்தானே வருது! காத்துக்குப் பயந்து ஈரத்தோட சுருட்டிப்போட்டு அடுத்த நாள் காயவிடுவம் எண்டா வெயிலைக் காணக் கிடைக்காது. 2024 கார்த்திகையில பெங்கல் புயலோட வந்த வெள்ளத்துக்கு ஒரு கிழமை அப்பிடியே சுருட்டினபடி கிடந்தது. விரிச்சுப் பாத்தா நனைஞ்ச சாக்கு மணம், தையல் வழிய எள்ளுக் கொட்டின மாதிரிக் கறுப்புப் புள்ளி.

அக்ரிலிக் துணியில பூஞ்சணம் பிடிக்காது எண்டு வித்தவை சொன்னது பொய்யில்லை. நூலில பிடிக்கேல்லை, துணியில படிஞ்ச புழுதி, வேப்பம்பூ, காகப்பீ, அதிலதான் பிடிக்குது. அதால இப்ப புரட்டாசி முடிய முந்தியே மெத்தெண்ட பிரஷ்ஷால காய்ஞ்சபடி கூட்டி, சவர்க்காரத் தண்ணியால கழுவி, நல்லா அலசி, எலும்பு மாதிரிக் காய்ஞ்ச பிறகுதான் சுருட்டுறன். சுடுதண்ணி வேண்டாம், கார் கழுவுற பிரஷர் பைப் வேண்டவே வேண்டாம், துணிக்குப் பூசியிருக்கிற தண்ணி ஒட்டாத பூச்சு போயிடும்.

துணியை விரிச்சுப் பிடிக்கிற ஓனிங் கைகளுக்கு எதிரி சோளகம், அதுதான் தென்மேல் பருவக்காத்து. உப்புக்காத்துப் பட்டுப் பட்டு ஒரு போல்ற் கறள் பிடிச்சு, அந்தச் செங்கறை துணியில ஒழுகி இறங்கினது இண்டைக்கும் போகேல்லை. மூட்டுக்கு கிறீஸ் பூசாதேங்கோ, மண் அப்பிக்கொள்ளும், சிலிக்கன் ஸ்பிரே போதும். கையை மட்டும் நீங்களாக் கழட்ட வெளிக்கிடாதேங்கோ. உள்ள ஸ்பிரிங் இழுவையில நிக்குது, அந்தப் பெடியனே கயித்தால இறுக்கிக் கட்டிப்போட்டுத்தான் தொட்டவன்.

மச்சான் வீட்டில ரெண்டு பேரும் வேலைக்குப் போறவை, பகல்ல காத்து எழும்பினா சுருட்ட ஆள் இல்லை. அவனுக்கு வேண்டாம்தான். எனக்கும் திருப்பிப் போடச் சொன்னா தகரம்தான் போடுவன், இரவு ரெண்டு மணிக்கு மழைச்சத்தம் கேட்டு எழும்பி ஓடிப்போய் ஹாண்டில் சுத்திச் சுத்தி அலுத்துப் போச்சு.