திரை கண் சிமிட்டுமா? ஃப்ரீபிஎஸ்டியோடு ஒன்றரை வருடம்

போன வாரம் நண்பன் ஒருவன் ஃப்ரீபிஎஸ்டி ஓடும் என் லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கேடா, இதையே என்னோடதுலயும் போட்டுடட்டுமா?" என்று கேட்டான். யோசிக்காமல் "வேண்டாம்" என்றேன். "அப்புறம் நீ மட்டும் ஏன் வச்சிருக்கே?" என்றான். வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. அவனுக்கு அப்போது சொல்ல வராததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஃப்ரீபிஎஸ்டி என்பது விண்டோஸ், லினக்ஸ் போல கணினியை இயக்கும் ஒரு இலவச ஓஎஸ். லினக்ஸிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதற்குள் போகப்போவதில்லை. 2024 தொடக்கத்தில் 14.0 பதிப்பை நிறுவினேன். இப்போது ஓடுவது 14.3. சாதாரண லேப்டாப்தான்: செயலியோடு ஒட்டிப் பிறந்த கிராஃபிக்ஸ், எட்டு ஜிபி ரேம், வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்க இசட்எஃப்எஸ். திரையில் படம் வரைய எக்ஸார்க், ஜன்னல்களை ஒழுங்குபடுத்தச் சின்னதாக ஒரு விண்டோ மேனேஜர், டெர்மினல், ஃபயர்ஃபாக்ஸ். என் டெஸ்க்டாப் மொத்தமும் இவ்வளவுதான்.

நல்லதா கெட்டதா என்று கேட்டால் என்னால் ஒரே ஒரு இடத்தைத்தான் காட்ட முடியும். கணினியை இயக்கினால் முதலில் கொஞ்சம் பெரிய, மொத்தையான எழுத்துகளில் கெர்னலின், அதாவது ஓஎஸ்ஸின் மையப்பகுதியின், செய்திகள் ஓடும். பாதி வழியில், அமைப்புகளை எழுதி வைக்கும் ஆர்சி.கான்ஃப் கோப்பில் குறித்த கிராஃபிக்ஸ் மாட்யூல் (கெர்னலோடு வந்து சேரும் டிரைவர்) ஏறும் நேரத்தில், திரை ஒரு கணம் அணைந்து எரியும். எரியும்போது அதே எழுத்துகள் சிறுத்து, ஊசி முனை போலக் கூர்மையாகியிருக்கும். நான் இதைக் கண் சிமிட்டல் என்று சொல்லுவேன். அணைந்த திரை எரிந்துவிட்டால் அன்றைக்குப் பிரச்சினை இல்லை. அணைந்தது அணைந்தபடியே நின்றால் அன்று மாலை போச்சு.

ஒவ்வொரு பதிப்பு மேம்படுத்தலுக்குப் பிறகும் அந்த அரை நொடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதைப் பழக்கம் என்பதா, வியாதி என்பதா தெரியவில்லை.

ஆரம்பத்தில் நடந்த கூத்து முழுக்க என் தவறு. எக்ஸார்க் வந்தது, ஜன்னல்கள் திறந்தன, ஆனால் எல்லாமே சேற்றில் நடப்பது போல இருந்தது. இணையப் பக்கத்தை உருட்டினால் விசிறி கத்தும். வீடியோ ஓட்டினால் மடியில் வைக்க முடியாது. "இந்த ஓஎஸ்ஸே மெதுவானது போலிருக்கிறது" என்று இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சும்மா, கிராஃபிக்ஸ் விவரம் காட்டும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். வரைபவர் யார் என்ற வரியில் என் கிராஃபிக்ஸ் சிப்பின் பெயர் இல்லை. எல்எல்விஎம்பைப் என்று இருந்தது. அதாவது கிராஃபிக்ஸ் சிப் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் செயலி தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. காரணம்? என் பயனர் கணக்கை "வீடியோ" குழுவில் சேர்க்கவில்லை. சேர்க்காவிட்டால் கிராஃபிக்ஸ் சாதனக் கோப்பைத் திறக்க நமக்கு அனுமதி கிடையாது. எக்ஸார்க் தன் பாட்டுக்கு எழுந்துவிடும், அதனால் கோளாறு இருப்பதே தெரியாது. ஒரு வரிக் கட்டளை. போட்டேன், லாக் அவுட் செய்து மீண்டும் வந்தேன், விசிறி அடங்கியது. கையேட்டில் இது தெளிவாக எழுதியிருக்கிறது. படிக்காமல் விட்டது நான்தான்.

இன்னொரு சின்ன விஷயம். எக்ஸார்க்கை எழுப்ப ஸ்டார்ட்எக்ஸ் என்று அடித்ததும் திரை வந்து, உடனே டெக்ஸ்ட் கன்சோலுக்கே திரும்பி விழுந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும், எதையெல்லாம் தொடங்க வேண்டும் என்று எழுதி வைக்கும் எக்ஸ்இனிட்ஆர்சி கோப்பின் கடைசி வரிதான் காரணமாக இருக்கும். அந்தக் கடைசி வரியில் தொடங்கும் நிரல் முடிந்ததும் எக்ஸும் முடிந்துவிடும். அங்கே விண்டோ மேனேஜர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உண்மையான கோளாறு என்றால் எக்ஸார்க் நடந்ததைக் குறித்து வைக்கும் லாக் கோப்பைத் திறக்க வேண்டும். பிழை வரிகளுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ஈ, ஈ என்று இரண்டு ஆங்கில எழுத்து போடுவார்கள். நான் அதை "ஈ மொய்க்கும் வரி" என்பேன். தேடும்போது முதலில் கிடைக்கும் ஈ மட்டும் படத்தில் வரைந்த ஈ. எந்தக் குறிக்கு என்ன பொருள் என்று கோப்பின் தலையில் போட்டிருக்கும் விளக்கத்தில் உட்கார்ந்திருக்கும். முதல் தடவை அதை நிஜப் பிழை என்று எண்ணிப் பத்து நிமிடம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயிருள்ள ஈ கீழே, கடைசிப் பத்து இருபது வரிக்குள் இருக்கும். "திரை எதுவும் கிடைக்கவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லும் வரி பிரபலமானது, ஆனால் அது விளைவுதான். அதற்கு மேலே இரண்டு மூன்று வரி ஏறிப் பார்த்தால் காரணம் கிடைக்கும்.

சரி, 14.1 வந்த கதைக்கு வருகிறேன்.

2024 ஜூனில் அந்தப் பதிப்பு வந்தது. ஒரு சனிக்கிழமை இரவு மேம்படுத்தினேன். எல்லாம் ஒழுங்காகப் போனது. ரீபூட். மொத்தை எழுத்துகள் ஓடின, திரை அணைந்தது, எரியவில்லை. பத்து நொடி, முப்பது நொடி, ஒரு நிமிடம். கேப்ஸ் லாக்கை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. இன்னொரு முறை அழுத்தினேன், அணைந்தது. அப்படியென்றால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, நான்தான் பார்க்க முடியாத நிலையில் இருக்கிறேன். இருட்டிலேயே நிர்வாகிக் கணக்கின் பெயரான ரூட் என்று அடித்து, கடவுச்சொல் அடித்து, ரீபூட் கட்டளையும் அடித்தேன். கணினி சொன்ன பேச்சைக் கேட்டு மறுபடி எழுந்தது. கண் தெரியாமல் தட்டச்சு செய்து ஒரு இயந்திரத்தைப் பணிய வைத்த பெருமை ஒரு நிமிடம் இருந்தது. பிறகு மீண்டும் அதே இருட்டு.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கிராஃபிக்ஸ் டிரைவர் ஃப்ரீபிஎஸ்டியின் அடிப்படை அமைப்புக்குள் இல்லை. லினக்ஸ் கெர்னலிலிருந்து எடுத்து, இடையில் ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கு வைத்து, டிஆர்எம்-கேமாட் என்ற தனிப் பொதியாக (பேக்கேஜ்) தருகிறார்கள். பொதிகளைத் தொகுப்பது அந்த வரிசையில் இன்னும் ஆதரவில் இருக்கும் பழைய பதிப்பின் மேல். 14.1 வந்த பிறகும் 14.0-க்கு மூன்று மாதம் ஆதரவு இருந்தது. அதுவரை வந்த பொதிகள் 14.0-க்காகத் தைத்தவை. ஃபயர்ஃபாக்ஸ் போன்ற சாதாரண நிரல்களுக்கு இது பிரச்சினையே இல்லை. கெர்னலின் உள்ளே கை விடும் கிராஃபிக்ஸ் மாட்யூலுக்கு மட்டும் சட்டை அளவு பொருந்தாமல் போகலாம். என்னுடையதில் பொருந்தவில்லை.

அதாவது புதிய பதிப்பு வந்த அன்றே ஆர்வமாக மேம்படுத்துகிறவனுக்கு இருட்டு. மூன்று மாதம் சோம்பேறியாக இருந்தவனுக்கு வெளிச்சம். இந்த நியாயம் எனக்கு இன்றைக்கும் கடுப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த இரவில்தான் இதன் மேல் காதலும் வந்தது. கணினி எழும்போது வரும் பூட் மெனுவில் எட்டாம் எண்ணை அழுத்தினால் பூட் என்விரான்மென்ட் பட்டியல், அதாவது எழுப்பக்கூடிய அமைப்பு நகல்களின் பட்டியல், வரும். இசட்எஃப்எஸ் மேல் நிறுவியிருந்தால், மேம்படுத்தும் கருவி கை வைப்பதற்கு முன்பே பழைய அமைப்பை அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்துவிடுகிறது. நான் கேட்கவில்லை, அது தானாகவே செய்து வைத்திருந்தது. பழையதைத் தேர்ந்தெடுத்தேன். மொத்தை எழுத்துகள், இருட்டு, பிறகு கூர்மையான எழுத்துகள். கண் சிமிட்டியது! அரை மணி நேரத்துக்கு முன்னால் இருந்த என் கணினி, ஒரு கோப்பு கூடக் குறையாமல் எதிரே நின்றது. நான் பயன்படுத்திய வேறு எந்த அமைப்பும், கூடுதலாக எதையும் நிறுவாமல், இவ்வளவு அமைதியாக என்னைக் காப்பாற்றியதில்லை.

அதற்குப் பிறகு செய்ததுதான் வினை. மூலநிரலை இறக்கி, 14.1 கெர்னலுக்கே அளவெடுத்து அந்த மாட்யூலை நானே தொகுத்தேன். அழகாக வேலை செய்தது. மூன்று வாரம் கழித்து வழக்கம்போல எல்லாப் பொதிகளையும் மேம்படுத்தினேன். அது என் தையலைப் பிரித்துப் போட்டுவிட்டு, பொதிகள் கிடைக்கும் இணையக் களஞ்சியத்திலிருந்த பொருந்தாத சட்டையை மறுபடி மாட்டிவிட்டது. மறுபடி இருட்டு. இந்தத் தடவை பதிப்பு மேம்படுத்தல் இல்லை, வெறும் பொதி மேம்படுத்தல். அதனால் முன்கூட்டி எடுத்த நகலும் இல்லை. பழுதுபார்க்கவென்றே இருக்கும் சிங்கிள் யூசர் முறையில் நுழைந்தேன். அங்கே ஆர்சி.கான்ஃபில் உள்ள மாட்யூல்கள் ஏறாது, ஆகவே திரை தெரியும். படிக்க மட்டும் என்றிருக்கும் ரூட் கோப்பமைப்பை எழுதும் நிலைக்கு மாற்றி, மாட்யூல் வரியை எடுத்துவிட்டு, சாதாரணமாக எழுப்பி, மறுபடி தொகுத்தேன். முடித்ததும் கோபத்தோடு "பிகேஜி லாக்" போட்டு அந்தப் பொதியைப் பூட்டினேன். இனி ஒருத்தனும் தொடக்கூடாது.

டிசம்பரில் 14.2 வந்தது. இந்தச் சிக்கலுக்காகவே அதில் ஒரு நல்ல ஏற்பாடு செய்திருந்தார்கள்: கெர்னல் மாட்யூல்களுக்கென்று தனிக் களஞ்சியம், ஒவ்வொரு சிறு பதிப்புக்கும் தனித்தனியாகத் தொகுத்தது. அறிவிப்பைப் படித்து மகிழ்ந்தேன், மேம்படுத்தினேன், ரீபூட் செய்தேன். இருட்டு.

அன்று நான் பேசியதை இங்கே எழுத முடியாது. புதிய களஞ்சியத்தைத் திட்டினேன், டிரைவரைத் திட்டினேன், இவ்வளவு காலம் இதைக் கட்டிக்கொண்டு அழுத என்னையும் திட்டினேன். லினக்ஸ் நிறுவும் பென்டிரைவைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன். பழைய நகலுக்குத் திரும்பி, என்னதான் நடக்கிறது என்று பொறுமையாகப் பார்த்தபோது அது கண்ணில் பட்டது: அந்தப் பொதி பூட்டப்பட்டிருக்கிறது, மாற்ற முடியாது. ஐந்து மாதத்துக்கு முன் நான் போட்ட பூட்டு. சரியான சட்டை வாசல் வரை வந்து, கதவு சாத்தியிருந்ததால் திரும்பிப் போயிருக்கிறது. மேம்படுத்தும்போது இதே வரி ஓடியிருக்கும், நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே நான் கவனித்திருக்க மாட்டேன். பூட்டைத் திறந்து பொதியை மாற்றியதும் முதல் முயற்சியிலேயே கண் சிமிட்டியது. பென்டிரைவை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

கணக்குப் பார்த்தால் நான்கு தடவை மாட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் இரண்டு முழுக்க என் தவறு, ஒன்று பாதி என் தவறு. நியாயமாக எழுத வேண்டுமென்றால் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் இருட்டுத் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவனுக்கு அது யார் தவறு என்பது காலையில்தான் தெரியும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூடியை மூடித் திறந்தால் என் லேப்டாப் ஒழுங்காக எழுகிறது, எல்லாருக்கும் எழும் என்று சொல்ல மாட்டேன். வைஃபை 14.2 வரை கேட்கவே வேண்டாம். என் அட்டைக்கான டிரைவர் பழைய காலத்து வேகத்தைத் தாண்டவில்லை, 14.3-இல்தான் மூச்சு வந்தது. பதிலுக்கு, என் மொத்த அமைப்பும் ஆர்சி.கான்ஃபில் முப்பது வரிக்குள் அடங்கிவிடுகிறது, ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எந்தக் கட்டளைக்கும் மேன் பக்கம் (கணினியிலேயே இருக்கும் கையேட்டுப் பக்கம்) உண்டு, அதில் எழுதியிருப்பது உண்மையாகவும் இருக்கும். இது எவ்வளவு அபூர்வம் என்பது வேறு இடத்துக்குப் போனால்தான் உறைக்கும்.

14.3 மேம்படுத்தலில் ஒன்றுமே நடக்கவில்லை. இருட்டு, எழுத்து, லாகின். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நண்பனுக்கு என் பதில் இன்னமும் "வேண்டாம்"தான். திங்கட்கிழமை காலை அவனுக்கு அந்த லேப்டாப்பில் வேலை இருக்கிறது. ஞாயிறு இரவு அதைக் கெடுத்துக்கொள்ள அவனுக்கு என்ன தலையெழுத்து? நான் மாற்றப்போவதில்லை, ஏன் என்று இன்னொரு முறை கேட்க வேண்டாம்.

மீறிப் போட்டே தீருவேன் என்றால், இசட்எஃப்எஸ்ஸைத் தேர்ந்தெடு, முதல் நாளே வீடியோ குழுவில் சேர், பூட் மெனுவின் எட்டாம் எண்ணையும் சிங்கிள் யூசர் படிகளையும் காகிதத்தில் எழுதி வை. ஃபைலாக வைக்காதே, தேவைப்படும் நேரத்தில் திரை இருக்காது. என் காகிதம் லேப்டாப்புக்கு அடியில் மடித்துக் கிடக்கிறது. அதன் கடைசி வரியை டிசம்பரில் சிவப்புப் பேனாவால் சேர்த்தேன்: "முதலில் பூட்டு இருக்கிறதா பார்."