பார்வை நேரத்தை விலைக்கு வாங்கி ஏமாந்தேன்

பெரம்பூரில் எங்கள் மொட்டை மாடியில் வளர்க்கும் காய்கறிகளைப் பற்றி இரண்டு ஆண்டுகளாக யூடியூபில் ஒரு சேனல் நடத்திவருகிறேன். மானிடைசேஷன், அதாவது வீடியோக்களில் வரும் விளம்பரங்கள் மூலம் சம்பாதிக்கும் அனுமதியை வாங்கித் தருவதாகச் சொன்ன, வடபழனியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு விளம்பர நிறுவனத்திடம் சென்ற மாதம் 18,000 ரூபாயை இழந்தேன். சிறிய சேனல் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இதே அழைப்பு வரக்கூடும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

நீள வீடியோக்களை நம்பியிருக்கும் சேனலுக்கு விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க வேண்டுமானால், 1,000 சப்ஸ்கிரைபர்களும் கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் தேவை. எனக்கு 720 பேரும் 1,100 மணி நேரமும்தான் இருந்தன. "முப்பது நாளில் முடித்துத் தருகிறோம் மேடம், எல்லாமே ஒரிஜினல் வியூஸ்" என்றார்கள். நம்பிப் பணத்தை அனுப்பினேன்.

பத்தே நாட்களில் எண்கள் மளமளவென ஏறின. கத்தரிச் செடியில் மாவுப்பூச்சியை விரட்டுவது பற்றிய 14 நிமிட வீடியோ ஒன்றுக்கே பெரும்பகுதி பார்வை வந்திருந்தது. ஆனால் யார், எங்கிருந்து பார்த்தார்கள் என்று காட்டும் அனலிட்டிக்ஸைத் திறந்தால், பார்த்தவர்களில் பெரும்பாலோர் தமிழே புழங்காத நாடுகளில் இருந்தார்கள். வழக்கமாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி வேப்பெண்ணெய் என்று நாலு பேராவது கேட்பார்கள். இதில் ஒரு கமெண்டுகூட இல்லை. விசாரித்தபோது, விளம்பரம் ஓட்டுவதால் அப்படித்தான் வரும் என்று சமாளித்தார்கள். விளம்பரமாக ஓடும் வீடியோவின் பார்வை நேரம் அந்த 4,000 மணி நேரக் கணக்கில் சேராது என்பதைப் பிறகுதான் படித்தேன். ஆக, அவர்கள் சொன்னது உண்மையாகவே இருந்திருந்தாலும் என் பணம் வீண்தான்.

மூன்றாவது வாரத்தில் யூடியூப் அந்தப் பார்வைகளை நீக்கிவிட்டது. மணி நேரம் பழைய இடத்துக்கே திரும்பியது. போலிப் பார்வைகளைச் சேர்ப்பது விதிமீறல் என்பதால் சேனலே பறிபோகலாம் என்று தெரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நிலையிலும் அவர்கள் "அப்ரூவல் கட்டணம்" என்று இன்னும் 7,000 ரூபாய் கேட்டார்கள். விளம்பர வருமானத்தில் பங்கு தரும் திட்டத்தில் சேர யூடியூப் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. யூடியூப் வருமானம் வந்து சேரும் ஆட்சென்ஸ் கணக்காகத் தங்களுடையதை என் சேனலோடு இணைத்து மாதாமாதம் பங்கு தருவதாகவும் சொன்னார்கள். அதற்கு ஒப்புக்கொண்டிருந்தால், விளம்பர வருமானத்தில் படைப்பாளிக்குச் சேர வேண்டிய 55 சதவீதமும் அவர்கள் வங்கிக் கணக்குக்கே போயிருக்கும்.

சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டுடியோவில் அவர்களுக்குக் கொடுத்திருந்த மேனேஜர் அனுமதியை உடனே நீக்கிக் கடவுச்சொல்லையும் மாற்றினேன். பணம் அனுப்பிய விவரத்தோடும் வாட்ஸ்அப் உரையாடலோடும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் திரும்பவில்லை.