மகளிர் பிரீமியர் லீக்: முதல் சீசனிலிருந்து பார்த்துவரும் அனுபவம்

மகளிர் பிரீமியர் லீகை 2023 மார்ச்சில் தொடங்கியதிலிருந்து பார்த்து வருகிறேன். ஐ.பி.எல்.லை 2008-லிருந்து. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. ஆட்டத்தில் தெரியும் வித்தியாசத்தைவிட, அதைப் பற்றி நாம் பேசுவதில் இருக்கும் வித்தியாசம்தான் பெரிது.

முதல் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008 ஏப்ரல் 18, பெங்களூரு. மெக்கல்லம் ஆட்டமிழக்காமல் 158, கொல்கத்தா 222. பதிலுக்கு பெங்களூரு 82-க்குச் சுருண்டது. 140 ரன் வித்தியாசம். போட்டி என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் இன்றுவரை அதை ஐ.பி.எல்.லின் அட்டகாசமான தொடக்கம் என்றுதான் கொண்டாடுகிறோம்.

மகளிர் லீகின் முதல் ஆட்டம், 2023 மார்ச் 4, நவி மும்பை. ஹர்மன்ப்ரீத் கௌர் 30 பந்தில் 65, மும்பை 207. குஜராத் 64-க்கு ஆல் அவுட். 143 ரன் வித்தியாசம், ஏறக்குறைய அதே கணக்கு. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த தீர்ப்பு மட்டும் வேறு: "இதுக்குத்தான் சொன்னேன், லெவல் பத்தாது." 82-க்குச் சுருண்ட அந்த பெங்களூரு அணியில் டிராவிட், காலிஸ், கோலி எல்லாரும் இருந்தார்கள். அவர்களுக்கு லெவல் பத்தவில்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அப்புறம் பவுண்டரி. மகளிர் லீகில் எல்லைக்கோடு அதிகபட்சம் 60 மீட்டர். இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் குறைவு. 2024 ஏப்ரலில் சின்னசாமி மைதானத்தில் ஹைதராபாத் 287, பெங்களூரு 262 என்று இரண்டு அணியும் சேர்ந்து 549 ரன் அடித்தபோது அதற்குப் பெயர் திருவிழா. சின்ன மைதானம் என்ற முணுமுணுப்பு கொஞ்சம் இருந்தது, ஆனால் ஆண்கள் கிரிக்கெட்டின் தகுதியை அதை வைத்து யாரும் அளக்கவில்லை. அதே மைதானத்தில் அதற்கு ஒரு மாதம் முன்புதான் மகளிர் லீக் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் எல்லிஸ் பெர்ரி அடித்த சிக்ஸர், காட்சிக்கு நிறுத்தியிருந்த காரின் கண்ணாடியை உடைத்தது.

2013 ஐ.பி.எல். இன்னும் பெரிய உதாரணம். ஸ்பாட் ஃபிக்சிங்கில், அதாவது பணத்துக்காக முன்கூட்டியே பேசிவைத்தபடி பந்து வீசிய புகாரில், வீரர்கள் கைதானார்கள். அந்த விவகாரத்தில் தடை விதிக்கப்பட்டு, சென்னையும் ராஜஸ்தானும் 2016, 2017 இரண்டு சீசன் வெளியே உட்கார்ந்தன. டிவியில் இரவுதோறும் விவாதம் நடந்தது, நடக்க வேண்டியதும்தான். ஆனால் குற்றம் அந்த ஆட்கள் மீதும் அந்த நிர்வாகங்கள் மீதும் நின்றது. மகளிர் ஆட்டத்தில் ஒருவர் லட்டு கேட்ச்சை விட்டால், அந்தப் பழி மொத்தப் பெண்கள் கிரிக்கெட் மீதும் விழுகிறது.

இதுவரை சொன்னதை நிறைய பேர் ஒப்புக்கொள்வார்கள். எனக்கு அதிகம் உறுத்துவது இதற்கு நேர் எதிரான பக்கம்.

வர்ணனையில் காட்டும் கரிசனம் இருக்கிறதே, அது தாங்க முடியவில்லை. கைக்கு வந்த கேட்ச்சை விட்டாலும் 'நல்ல முயற்சி'. ஃபீல்டிங் மோசமாக இருந்தால் மோசம் என்று சொல்ல வேண்டியதுதானே? சம்பளம் வாங்கி ஆடுபவர்கள். ஸ்மிருதி மந்தனா முதல் ஏலத்திலேயே 3.4 கோடிக்குப் போனவர். டெல்லி அணி 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று இறுதிப் போட்டிகளில் தோற்றது. ஆஸ்திரேலியாவுக்கு உலகக் கோப்பைகள் வென்று தந்த மெக் லானிங் போன்ற ஒரு கேப்டன் இருந்தும் தோற்றது. ஐ.பி.எல்.லில் இப்படி நடந்திருந்தால்? பதினேழு வருஷம் கோப்பை இல்லாமல் பெங்களூரு ஆண்கள் அணி பட்ட பாடு நமக்குத் தெரியும். டெல்லி மகளிர் அணியைக் கிண்டல் செய்து ஒரு மீம்கூட என் கண்ணில் படவில்லை. இதை மரியாதை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

நிர்வாகத்துக்கும் இதே சலுகை கிடைக்கிறது. முதல் சீசன் முழுக்க மும்பை வட்டாரத்திலேயே முடிந்தது. அடுத்தது இரண்டு ஊர், 2025-இல் நான்கு, 2026-இல் மறுபடியும் இரண்டு. சொந்த ஊரில் ஒரு ஆட்டம்கூட இல்லாமல் அணிகள் சீசனை முடிக்கின்றன. 2018-இல் காவிரிப் போராட்டத்தால் சென்னையின் ஆட்டங்கள் புனேவுக்கு மாறியபோது எவ்வளவு பேச்சு, ரசிகர்கள் தனி ரயில் ஏறியே போனார்கள். இங்கே கேட்பதற்கு நாதியில்லை.

பார்க்கும் வசதி: முதலில் ஜியோசினிமாவில் இலவசம், இப்போது ஜியோஹாட்ஸ்டார் சந்தா. ஐந்து அணி, 22 ஆட்டம் என்பதால் சலிப்பு வருவதற்குள் முடிந்துவிடும், எனக்கு அது வசதிதான். சென்னைக்கு அணி இல்லை என்பது குறை. பரவாயில்லை, ஹேமலதா, கமலினி என்று நம்மூர்க்காரர்கள் ஆடியிருக்கிறார்கள்.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் 2024 மார்ச் 9 குஜராத்–மும்பை ஆட்டத்தின் ஹைலைட்ஸில் தொடங்கலாம். ஹேமலதா 40 பந்தில் 74 அடிக்க, குஜராத் 190 எடுத்தது. ஹர்மன்ப்ரீத் 48 பந்தில் 95 அடித்து, ஒரு பந்து மீதமிருக்க ஆட்டத்தை முடித்தார். குஜராத்தின் கடைசி ஓவர்களைப் பார்க்கும்போது, ஐ.பி.எல்.லில் டெத் ஓவர் சொதப்பினால் எப்படித் திட்டுவீர்களோ அப்படியே தாராளமாகத் திட்டுங்கள்.